அட்டைப்பெட்டி, சணல், கோணி ஊசி: பிள்ளைகளோடு வீட்டில் கட்டத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் நாலைந்து வயதுக்கு மேல் ஒரு பிள்ளை இருக்கிறது, ஆன்லைன் பார்சலும் அடிக்கடி வந்து இறங்குகிறது என்றால் இந்த விளையாட்டுக்கு வேண்டிய முக்கால்வாசிப் பொருள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மீதியை மளிகைக்கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். தனியாக ஒரு அறை வேண்டாம், ஹாலில் ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்.

நிறைய வீடுகளில் இதை எப்படித் தொடங்குகிறார்கள் என்றால், யூடியூபில் ஒரு கோட்டையோ கிச்சன் செட்டோ செய்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு அதை அப்படியே செய்ய உட்காருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் பெரியவர்கள் வேலையாகிவிடும், பிள்ளை எழுந்து போய்விடும். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறான வழி. என்ன கட்டுவது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். இரண்டு அட்டையை எப்படிச் சேர்த்து நிற்க வைப்பது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள். சேர்க்கத் தெரிந்த பிள்ளை தானாகவே கட்டும், நாம் நினைத்தே பார்க்காததைக் கட்டும்.

"குப்பையை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு" என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்தில் சிறந்த பொம்மைகளுக்கென்று ஒரு தேசியக் கௌரவ அரங்கம் இருக்கிறது, பார்பியும் லெகோவும் இருக்கிற அதே வரிசையில் 2005-இல் வெறும் அட்டைப்பெட்டியையும் சேர்த்திருக்கிறார்கள்.

பெட்டி எங்கே கிடைக்கும்

பார்சல் பெட்டிகள் சின்ன வேலைக்குச் சரி. உட்கார்ந்து விளையாடுகிற அளவுக்கு வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பெட்டிதான். புதிதாக வாங்கினால்தான் கிடைக்கும் என்றில்லை, பக்கத்தில் இருக்கும் வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் டெலிவரி பார்க்கிறவர்களிடம் கேட்டு வைத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்பார்ட்மெண்ட்டில் இருக்கிறீர்கள் என்றால் வாட்ச்மேன் அண்ணாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எந்த வீட்டில் புது ஏசி வந்தது, எந்த வீட்டில் டிவி வந்தது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பழைய பேப்பர் கடை இன்னொரு நல்ல இடம். அங்கே அட்டையை எடைக்கு வாங்குவார்கள், எடைக்கே உங்களுக்கும் கொடுப்பார்கள். "அண்ணா, கிழியாத பெட்டியா நாலு எடுத்து வைங்க" என்று கேட்டால் எடுத்து வைத்துவிடுவார்கள். சென்னையில் கோயம்பேடு மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் ஆப்பிள் பெட்டியை விடாதீர்கள், கெட்டியான அட்டை, காற்றுக்காக ஏற்கெனவே ஓட்டை போட்டிருப்பார்கள், பிள்ளைகளுக்கு அது ஜன்னலாகிவிடும். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையிலும் துணிக்கடையிலும் ரோல் தீர்ந்ததும் தடித்த காகிதக் குழாய் மிஞ்சும், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தூணுக்கு அதைவிட உறுதியான பொருள் வீட்டில் கிடைக்காது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு 2001-இல் புஜ் நகரத்தில் இந்த மாதிரிக் காகிதக் குழாய்களையே வரிசையாக நிறுத்திச் சுவராக்கி வீடு கட்டிக்காட்டினார். 2014-இல் அவருக்குக் கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. காகிதத்தில் வீடு என்பது பிள்ளைகளின் கற்பனை மட்டும் இல்லை, மனிதர்கள் அதில் குடியிருந்திருக்கிறார்கள்.

வேண்டாத பெட்டிகளும் உண்டு. எண்ணெய் இறங்கிய ஸ்வீட் பாக்ஸ், பீட்ஸா பெட்டி இரண்டும் வேண்டாம், மறுநாள் காலையில் எறும்பு வரிசை கட்டி நிற்கும். மளிகைக்கடைப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் வெளியிலேயே மடிப்புகளைப் பிரித்துத் தட்டிவிடுங்கள். அட்டையின் அடுக்குகளை ஒட்டியிருப்பது மாவுப்பசை என்பதால் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது பிடித்த இடம், மடிப்புக்குள் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய பெட்டிகளில் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் தடித்த பின் அடித்திருப்பார்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். உள்ளே வரும் பாலிதீன் உறையைச் சின்னப் பிள்ளைகள் கையில் கிடைக்காமல் முதலிலேயே அப்புறப்படுத்துங்கள், தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும்.

அட்டை எந்தப் பக்கம் வளையும்

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு துண்டு அட்டையின் ஓரத்தைப் பிள்ளையிடம் காட்டுங்கள். இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் ஓடுவது தெரியும். நெளி ஒரு வரிசை இருந்தால் கடைக்காரர்கள் 3 ப்ளை என்பார்கள், இரண்டு வரிசை இருந்தால் 5 ப்ளை. பிள்ளைகளின் கைக்கு 3 ப்ளைதான் ஏற்றது. 5 ப்ளையை மேஜைக்கும், ஏறி உட்காரும் பெட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் துண்டை ஒரு பக்கமாக மடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் திருப்பி மறுபக்கமாக மடிக்கச் சொல்லுங்கள். நெளிக் கோட்டின் வழியே மடித்தால் சொன்ன பேச்சைக் கேட்கும், குறுக்கே மடித்தால் அடம்பிடித்துக் கோணலாக நசுங்கும். சுவராக நிற்க வேண்டிய அட்டையில் நெளி மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அப்போதுதான் மேலே பாரம் தாங்கும். சாதாரணமாக வரும் பெட்டியின் பக்கங்களைப் பாருங்கள், நெளி செங்குத்தாகத்தான் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிகளை அடுக்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். வட்டத் தூண் வேண்டுமென்றாலும் இதே கணக்குதான்: நெளி தூணின் நீளவாக்கில் இருக்கும்படி வைத்து, மேஜை விளிம்பில் அழுத்தித் தேய்த்து இழுத்தால் அட்டை தானாகச் சுருள ஆரம்பிக்கும்.

இன்னொரு வித்தை, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு துண்டு அட்டையின் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து இரண்டு நிமிஷம் விட்டுவிட்டு, மூலையில் நகத்தால் கிளப்பி மேல்தாளை மெதுவாக உரியுங்கள். அவசரப்பட்டால் கிழியும், பொறுமையாக உரித்தால் முழுத்தாளும் கையோடு வந்துவிடும். உள்ளே இருக்கும் நெளி வெளியே தெரியும், அசல் தகரக் கூரை மாதிரியே இருக்கும். காய்ந்ததும் சாம்பல் நிறம் அடித்தால் டீக்கடைக் கூரை, செங்கல் நிறம் அடித்தால் பழைய மயிலாப்பூர் வீட்டு ஓடு. ஆறு வயதுப் பிள்ளைகூடத் தானாகச் செய்துவிடும்.

வெட்டுவது

கட்டர் கத்தி பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். எட்டு ஒன்பது வயதுக்கு மேல், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, ஒரு நேர்கோடு இரண்டு நேர்கோடு வெட்ட விடலாம் என்பது என் அபிப்பிராயம், அதுவும் பிள்ளையின் நிதானத்தைப் பொறுத்தது. அடியில் இன்னொரு தடித்த அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், டைல்ஸும் பிழைக்கும், கத்தியும் வழுக்காது. பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி சீவிக்கொண்டு ஏறும், ஸ்டீல் ஸ்கேல் வையுங்கள். ஒரே மூச்சில் அழுத்தி வெட்டாமல் லேசாக மூன்று நான்கு தடவை அதே கோட்டில் ஓட்டுங்கள். ஸ்கேலைப் பிடித்திருக்கும் கை கத்தி போகும் வழியில் இருக்கக் கூடாது. மழுங்கிய பிளேடுதான் அதிகம் வழுக்கும், நுனியை ஒடித்துப் புதுமுனையில் வெட்டுங்கள், ஒடித்த துண்டை ஒரு பழைய டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல். ஆனால் முதல் நாளே 3 ப்ளை அட்டையைக் கொடுத்தால் விரல் வலித்து விட்டுவிடுவார்கள். சட்டை வாங்கும்போது உள்ளே வரும் மெல்லிய அட்டை, பற்பசைப் பெட்டி, சோப்புப் பெட்டி இதிலெல்லாம் கை பழகட்டும்.

மடிப்புக்கு ஒரு வழி: மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போடுங்கள். அட்டை அந்தக் கோட்டில் மட்டும் படிந்துகொள்ளும், நெளிக்குக் குறுக்கே என்றாலும் சுத்தமாக மடியும்.

நாலு கூட்டு

இரண்டு அட்டையைச் சேர்க்கிற முறையைத்தான் கூட்டு என்கிறேன். இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கூட்டு போதும், அதை வைத்தே பிள்ளை அன்று முழுக்க விளையாடும்.

முதலில் செருகல். இரண்டு அட்டைத் துண்டு, ஒன்றில் மேலிருந்து பாதி உயரம்வரை ஒரு பிளவு, மற்றதில் கீழிருந்து பாதிவரை ஒரு பிளவு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் பசையே இல்லாமல் நிற்கும். பிளவின் அகலம் அட்டையின் தடிமன் அளவுக்கு இருக்க வேண்டும். வெறும் கோடாகக் கீறினால் அட்டை பிதுங்கி வளையும், அகலமாகப் போனால் ஆடும். இன்னொரு துண்டு அட்டையைச் செங்குத்தாக வைத்து அதன் இரு பக்கமும் பென்சிலால் கோடு இழுத்தால் சரியான அளவு கிடைத்துவிடும். மரம், மான், ஆட்கள், வேலி எல்லாம் இந்த ஒரே கூட்டில் வந்துவிடும்.

இரண்டாவது நாக்கு. நிற்க வேண்டிய அட்டையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அங்கங்கே வெட்டிவிட்டு, ஒரு நாக்கை உள்ளேயும் அடுத்ததை வெளியேயும் மடித்துத் தரை அட்டையில் ஒட்டுவது. குழாயைத் தரையில் நிறுத்துவதற்கும் இதுவே. ஃபெவிகால் கொஞ்சமாகத் தடவுங்கள், நிறையத் தடவினால் உறுதியாக ஒட்டும் என்பது உண்மை இல்லை, அட்டை ஊறிப்போவதுதான் மிச்சம். தடவியதும் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், பாரம் ஏற்றுவதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவியில் உருக்கி ஒட்டுகிற ஹாட் க்ளூ சீக்கிரம் பிடிக்கும் என்பது வாஸ்தவம்தான், ஆனால் உருகிய பசை விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும், அதனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்தத் துப்பாக்கியை நான் எடுப்பதில்லை.

மூன்றாவது தையல், எனக்கு மிகவும் பிடித்த கூட்டு. கோணி ஊசியும் சணலும் வாங்குங்கள். இரண்டு அட்டையையும் ஓரம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோணி ஊசியால் ஓட்டைகளை நீங்கள் போட்டுக்கொடுங்கள், ஊசியை அப்போதே எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். சணலின் நுனியில் செல்லோ டேப்பை இறுக்கிச் சுற்றினால் ஷூ லேஸின் நுனி மாதிரி விறைப்பாகிவிடும், அதை வைத்துப் பிள்ளையே கோத்துக்கொள்ளும். நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகத் தேடிக் கோத்து, கடைசியில் இழுத்து இறுக்கும்போது இரண்டு சுவரும் சேர்ந்து மூலையாக எழுந்து நிற்கும் பாருங்கள், அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் ஒரு சத்தம் போடாமல் இருக்காது. பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்துவிட்டு வேறு மாதிரி கட்டலாம். பசையில் அது முடியாது.

நாலாவது சுழல்கிற கூட்டு. சக்கரத்துக்கு இரண்டு வட்டம் வெட்டி, ஒன்றின் நெளிக்கு மற்றதன் நெளி குறுக்காக வரும்படி வைத்து ஒட்டுங்கள், ப்ளைவுட்டில் செய்வதும் இதைத்தான், சக்கரம் வளையாது. அச்சுக்குத் தென்னந்துடைப்பத்தில் தடித்ததாக ஒரு ஈர்க்கு. அந்த ஈர்க்கு சுழல்வதற்கு ஜூஸ் கடையில் தரும் பேப்பர் ஸ்ட்ராவைப் பெட்டியின் அடியில் டேப் போட்டு ஒட்டி, அதற்குள் நுழைத்துவிடுங்கள். வெட்டிய ஈர்க்கின் முனை குத்தும், இரண்டு பக்கமும் களிமண்ணையோ டேப்பையோ உருட்டி மூடுங்கள். ஆட்டோ, மெட்ரோ, கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில், மீன்பாடி வண்டி எது வேண்டுமானாலும் இதில் ஓடும்.

டேப் பற்றி ஒரு வார்த்தை. கதவு கீலுக்குப் பிரவுன் டேப் போதும். பெயிண்ட் அடிக்கப் போகிற இடத்தில் பேப்பர் டேப் ஒட்டுங்கள், பிளாஸ்டிக் டேப்பின்மேல் வண்ணம் நிற்காது. செல்லோ டேப் அட்டையில் ரொம்ப நாள் பிடிக்காது.

முதல் கட்டடமாக ஒன்று

என்ன கட்டுவது என்று சொல்லிக்கொடுக்காதீர்கள் என்றேன், ஆனால் பெரியவர்கள் தங்கள் கை பழகுவதற்கு ஒன்று செய்து பார்க்கத்தான் வேண்டும். நம்ம மெரினா கலங்கரை விளக்கத்தைச் செய்யுங்கள். உலகத்தில் பெரும்பாலான கலங்கரை விளக்கங்கள் வட்டமாக இருக்கும், 1977 முதல் எரியும் இது முக்கோணம், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தது. முக்கோணம் என்பதால் அட்டையில் மூன்று மடிப்பில் முடிந்துவிடும்.

47 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள ஒரு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நெளி உயரவாக்கில் ஓட வேண்டும். 15 செ.மீ. வீதம் மூன்று கோடு போட்டால் ஓரத்தில் 2 செ.மீ. மிஞ்சும், அதுதான் ஒட்டுகிற நாக்கு. மூன்று கோட்டையும் மை இல்லாத பேனாவால் அழுத்தி மடியுங்கள். ஒட்டுவதற்கு முன்பே, தரையில் படுத்திருக்கும்போதே பட்டைகளை வரைந்து வண்ணம் அடித்துவிடுங்கள், நிறுத்திவிட்டு அடித்தால் வழியும். ஜன்னல்களையும் அப்போதே வெட்டிக்கொள்ளலாம். பிறகு நாக்கை ஒட்டி, அடியில் மூன்று பக்கமும் நாக்குகளை வெட்டி வெளியே மடித்துத் தரை அட்டையில் ஒட்டி நிறுத்துங்கள். காய்ந்ததும் பிள்ளையை ஒரு தடித்த புத்தகத்தை அதன் தலையில் வைக்கச் சொல்லுங்கள், தாங்கும். அதே அட்டையை மடிக்காமல் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், நிற்கவே நிற்காது. பாடமாக எதையும் விளக்க வேண்டாம், பிள்ளையே இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொள்ளும்.

உச்சியில் விளக்குக்குப் பென்சில் செல் போடுகிற சின்ன டார்ச் வையுங்கள். மெழுகுவர்த்தி, அகல் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. பட்டன் செல் போட்ட குட்டி விளக்குகளும் வேண்டவே வேண்டாம். வீட்டில் தவழுகிற குழந்தை இருந்து, அந்தச் செல்லை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

இதற்கு அப்புறம் நீங்கள் உதவியாள் மட்டும்தான். பிள்ளை கேட்கிற இடத்தில் வெட்டிக்கொடுங்கள், பிடிக்கச் சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கோணலாக நிற்கிறது என்று திருத்தப் போகாதீர்கள். "இதில் யார் ஏறுவாங்க?", "படி எங்கே இருக்கு?", "மழை பெய்தால் தண்ணி எங்கே போகும்?" என்று கேட்கலாம். ஒரு கேள்விக்கு ஒரு புது அறை முளைக்கும். மூன்று நான்கு வயதில் கட்டவே தோன்றாமல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதுவும் நல்ல விளையாட்டுதான், விட்டுவிடுங்கள்.

நவராத்திரி வருகிறது என்றால் கொலுவுக்குக் கீழே போடும் பார்க்கை முழுசாகப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். கோயில், குளம், கடைத்தெரு, ரயில் நிலையம், ஒரு மூலையில் இந்தக் கலங்கரை விளக்கம். வீட்டுக்கு வருகிறவர்கள் படியில் இருக்கும் பொம்மையைப் பார்த்துவிட்டுக் குனிந்து அதைப் பற்றிக் கேட்கும்போது, யார் எதைச் செய்தது என்று சொல்வதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும்.

மழைக்காலத்தில்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் அட்டைக்குச் சோதனைக் காலம். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும், மழையில் நனைய வேண்டிய அவசியமே இல்லை. கட்டிய வீட்டின் அடிப்பாகம் தினம் தரை துடைக்கிற ஈரத்திலேயே நொந்துபோகும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கீழே விரித்துவிட்டு அதன்மேல் கட்டுங்கள், அட்டையின் அடி விளிம்பு முழுக்கப் பிரவுன் டேப்பை மடித்து ஒட்டிவிடுங்கள். பயன்படுத்தாத அட்டைகளைப் பிரித்துத் தட்டையாக்கி, பரணிலோ பீரோவின் பின்னாலோ நிற்க வையுங்கள், கட்டிலுக்கு அடியில் தரையோடு போட்டால் பூச்சி சேரும். ஃபெவிகால் காய இந்த மாதங்களில் இரண்டு பங்கு நேரம் ஆகும், ஃபேனுக்கு நேரே வையுங்கள். மைதாப் பசை காய்ச்சுவது செலவில்லாத வழிதான், ஆனால் கரப்பான் தேடி வரும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், பிள்ளைகள் தொடுகிற பசையில் அதைச் சேர்க்கவே கூடாது.

பிரிப்பது

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நம் ஃபிளாட்டுகளில் இடம் கிடையாது. எப்போது பிரிப்பது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, சக்கரம், ஈர்க்கு, சணல், நன்றாக வந்த ஜன்னல், கதவு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்தால் அடுத்த கட்டடத்துக்கு ஆகும். போகியன்று எரிக்கிற பொருளோடு இதைச் சேர்க்க வேண்டாம், டேப்பும் பெயிண்டும் எரிகிற புகை யாருக்கும் ஆகாது. டேப்பை உரித்துவிட்டு, உங்கள் பெயரும் முகவரியும் போன் நம்பரும் இருக்கும் பார்சல் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுங்கள். கிடைக்கிற காசைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள், அடுத்த சணல் உருண்டையை அதில் வாங்கிக்கொள்ளட்டும்.